ஒன்று, மூன்று, நான்கு, இரண்டு

என் மச்சான் கார் வாங்கினார் என்று சொன்னால், பெரிய இடத்துச் சம்பந்தம் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. மச்சான் என் மனைவியின் அண்ணன். செங்கல்பட்டில் பஸ் ஓட்டிக்கொண்டிருந்தார். மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில், ஊரை விட்டுப் போன ஒரு துரையின் சவுக்குத் தோப்பில் கோழிகள் அடைந்துகொண்டிருந்த பழைய இங்கிலீஷ் வண்டி அது. அதைத் தள்ளிக்கொண்டு வந்து என் மாமியார் வீட்டுக் கொல்லையில் நிறுத்தினார். ஐம்பதுகளின் நடுவில் நடந்த கதை.

அந்த வண்டி எங்களுக்கு வேண்டியிருந்தது. என் மனைவி தாய் வீட்டில் நிறைமாதமாக இருந்தாள். முந்தின பிரசவமும் அங்கேதான். மருத்துவச்சி கைவிட்டுவிட, வலியோடு மாட்டு வண்டியில் செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினார்கள். திருக்கழுக்குன்றம் தாண்டுவதற்குள் குழந்தை பிறந்துவிட்டது. அழவில்லை. இந்தத் தடவையும் மருத்துவச்சி வயிற்றைத் தடவிப் பார்த்துவிட்டு, குழந்தை குறுக்கே கிடக்கிறது, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விடுங்கள் என்று சொல்லிவிட்டாள். மாட்டு வண்டி என்ற பேச்சை எடுக்கவே யாருக்கும் நாக்கு எழவில்லை. பஸ்ஸில் நெரிசலில் நிற்க அவளால் முடியாது. ஆபீசுக்கு லீவு சொல்லிவிட்டு நான் ஓடி வந்தேன். வந்தவன் ஒரு இடத்தில் உட்காரவில்லை.

மச்சான் எஞ்சின் வேலையை முடித்துத்தான் வைத்திருந்தார். செங்கல்பட்டுப் பட்டறையில் சிலிண்டர் கடைந்து, புதுப் பிஸ்டன் போட்டு, வால்வுகளைத் தேய்த்து உட்கார வைத்து, எல்லாவற்றையும் பூட்டியாகிவிட்டது. ஓட வேண்டியதுதான் பாக்கி. அதுதான் நடக்கவில்லை. முன்னால் ஹேண்டிலைப் போட்டுச் சுழற்றினால் எஞ்சின் இருமும், குலுங்கும், கார்புரேட்டர் வழியாகத் துப்பும், சைலன்சரில் படார் என்று வெடிக்கும். பிறகு அடங்கிவிடும்.

"டைமிங்தான் மாப்ள. ஒரு மயிரிழை அப்டி இப்டி கீது" என்றார் மச்சான்.

"காத்தாலேர்ந்து அந்த மயிரிழையத்தான் புடிச்சிகினு கீறியே, மச்சான்?" என்றேன். எனக்குப் பொறுமை என்பது பிறவியிலேயே கிடையாது. அன்று பயமும் சேர்ந்துகொண்டது. பயந்தால் எனக்கு வாய் நீளும்.

அவர் சொன்னதில் தப்பில்லை. பெட்ரோல் ஆவி நன்றாக அமுங்கிப் பிஸ்டன் உச்சிக்கு வரும் நேரம் பார்த்துப் பிளக்கில் பொறி விழ வேண்டும். முந்தினாலும் வம்பு, பிந்தினாலும் வம்பு. பொறியை நான்கு பிளக்குக்கும் முறை வைத்து அனுப்புவது டிஸ்ட்ரிபியூட்டர். அதன் மூடிக்குள்ளே ரோட்டார் என்ற ஒரு சின்னத் துண்டு சுற்றிவரும். மூடியிலிருந்து பிளக்குகளுக்குப் போகும் பழைய ஒயர்களை எலி தின்றுவிட்டிருந்தது. மச்சான் புது ஒயர்களை மாட்டினார். எந்தப் பிளக்குக்குப் பின் எது என்பது பஸ்காரருக்கு மனப்பாடம். ஒன்று, மூன்று, நான்கு, இரண்டு. மாட்டும்போது மந்திரம் போல முணுமுணுத்ததை நானும் கேட்டேன்.

டிஸ்ட்ரிபியூட்டரை ஒரு நூல் இந்தப் பக்கம் திருப்பினோம், ஒரு நூல் அந்தப் பக்கம் திருப்பினோம். உப்புக் காற்றில் பூத்திருக்கும் என்று பொறியைக் கிளப்பும் பாயிண்டைத் தேய்த்தோம். பிளக்குகளைக் கழற்றித் துடைத்தோம். ஒரு தடவை ஹேண்டில் திருப்பியடித்து மச்சானின் மணிக்கட்டைப் பதம் பார்த்தது. கையை உதறிக்கொண்டு, அந்த வண்டியின் பரம்பரையையே திட்டித் தீர்த்தார். நான் கொல்லைக்கும் வாசலுக்குமாக நடந்தேன். ஜன்னல் பக்கம் போகும்போதெல்லாம் அவள் முகத்தைப் பார்த்தேன். இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு அவளும் உள்ளே நடந்துகொண்டிருந்தாள்.

"வலிக்குதா?"

"இல்ல. நீங்க போய் வண்டியப் பாருங்க" என்றாள். பொய் சொல்கிறாள் என்று தெரிந்தது.

மறுபடி ஒரு வெடி. அவ்வளவுதான், மாமியார் கொல்லைக்கு வந்துவிட்டார். கோயிலுக்குப் பூக்கட்டிக் கொடுக்கும் குடும்பம் அவர்களுடையது. கையில் பாதி கட்டிய சரத்தோடே வந்தார்.

"புள்ளத்தாச்சி கீற வூட்ல இன்னாடா வெடி வெடிச்சிகினு கீறீங்க?"

மச்சான் டிஸ்ட்ரிபியூட்டர் பக்கம் குனிந்தார். மூடியைக் கழற்றிவிட்டு, பாயிண்ட் திறக்கிறதா என்று பார்ப்பதற்காக என்னை ஹேண்டிலை மெதுவாகச் சுற்றச் சொன்னார். ரோட்டார் நகர்ந்தது. மாமியார் எட்டிப் பார்த்தார். சரம் கையிலிருந்து நழுவியது.

"அய்யய்யோ, இன்னாடா இது, எடமா சுத்துது! சுடுகாட்ல கொள்ளிக் கொடம் தூக்கினு சுத்துற மாரி!"

நான் ஹேண்டிலை நிறுத்தினேன். மச்சான் என்னைப் பார்த்தார், ரோட்டாரைப் பார்த்தார். பிறகு தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார். நடக்கத் தெரிந்த நாளிலிருந்து பூக்கூடையோடு பிரகாரத்தை வலமாகச் சுற்றிய மனிதர். அவர் ஓட்டிய பஸ்ஸிலும் ரோட்டார் வலமாகத்தான் சுற்றும். சுற்றுவது என்றால் வலம்தான். வேறு மாதிரி ஒன்று சுற்றும் என்று அவருக்கும் தோன்றவில்லை, பக்கத்தில் நின்ற எனக்கும் தோன்றவில்லை. ஒயர்களை வலமாக வரிசைப்படுத்தியிருந்தோம். ஒன்றும் நான்கும் ஒழுங்காகப் பற்ற, மூன்றும் இரண்டும் முறை மாறி வெடித்துக்கொண்டிருந்தன.

அந்த இரண்டு ஒயர்களை இடம் மாற்றி மாட்டினார். ஹேண்டிலை ஒரே இழுப்பு. எஞ்சின் பிடித்துக்கொண்டது. ஒரு இருமல் இல்லை.

ஆனால் மாமியார் வாசலில் போய்க் குறுக்கே நின்றுகொண்டார்.

"என் பொண்ண அதுல ஏத்த மாட்டேன். சாவுக்குச் சுத்துறது அது."

"யம்மா, அது மெஷினு!" என்று மச்சான் கத்தினார். நான் கையெடுத்துக் கும்பிட்டேன், பிறகு கோபத்தில் ஏதேதோ பேசினேன். எதுவும் ஏறவில்லை. அவருக்கும் அந்த மாட்டு வண்டிதான் கண்ணில் நின்றது என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை. எஞ்சின் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. நின்றுவிட்டால் மறுபடி பிடிக்குமோ பிடிக்காதோ என்று நான் துடித்தேன்.

என் மனைவி சுவரைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தாள். உதட்டைக் கடித்திருந்தாள். வலி வந்துவிட்டது.

"போன தபா மாட்டு வண்டிய கோயில வலமா சுத்த வுட்டுத்தானம்மா அனுப்புன" என்றாள். குரலில் கோபமே இல்லை. "இன்னா ஆச்சி?"

மாமியார் மகள் முகத்தைப் பார்த்தார். கண்களை முந்தானையால் அழுத்தித் துடைத்துக்கொண்டார். அப்புறம் வழிவிட்டார். வழிவிட்டதோடு நிற்கவில்லை, அவரே முதலில் ஏறி உட்கார்ந்து, மகளின் தலையை மடியில் வாங்கிக்கொண்டார்.

மச்சான் ஓட்டினார். நான் பக்கத்தில் உட்கார்ந்து எஞ்சின் சத்தத்தையே கேட்டுக்கொண்டு வந்தேன். திருக்கழுக்குன்றம் வந்தது. மச்சான் வேகத்தைக் குறைக்காமல் தாண்டினார். பின்னாலிருந்து என் தோளை ஒரு கை இறுகப் பிடித்தது. அவள் கை என்று நினைத்துத் திரும்பினேன். மாமியாரின் கை. ஆஸ்பத்திரி வரும்வரை அவர் எடுக்கவில்லை.

உள்ளே குழந்தை அழுதது. ஆணா பெண்ணா என்று கேட்கத் தோன்றவில்லை. அழுகிறது, அழுகிறது என்று மச்சானிடம் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தேன்.