மணலோ, றோட்டோ?

மயிலிட்டிக் கரையில் படகுகளை மணலில் இழுத்தேற்றும் பழைய றக் வண்டி ஒன்று அந்த ஊர்க்காரர் ஒருவரிடம் இருந்தது. மடித்துக் கட்டிய சாரம், உப்புப் பூத்த கால்கள். கதைக்கும்போது கன்றுக்குட்டியைத் தடவுவதுபோல டயரைத் தடவிக்கொண்டிருப்பார்.

மணலில் புதையக்கூடாதென்று பெரிய டயர்களைப் போட்டார். எஞ்சினுக்குப் பாரம் கூடி, றக்கின் இழுவை போனது. அச்சிலுள்ள பல்லுச்சக்கரங்களையும் மாற்றவேண்டும் என்று வாகனம் திருத்தும் என் கராச்சில் வைத்து விளக்கினேன். றோட்டு வேகத்துக்கும் மணல் இழுவைக்கும் நடுத்தரமானதைப் போடச் சொன்னார். போட்டேன். படகு அசையவில்லை என்று திரும்பி வந்தார். முன் அச்சையும் பின் அச்சையும் மறுபடி கழற்றி, இழுவை கூடியதைப் போட்டேன். இப்போது றோட்டில் எஞ்சின் கத்துகிறதாம், ஓட்டமில்லையாம்.

"அண்ணை, ரெண்டும் ஒண்டாக் கிடைக்காது. மணலோ, றோட்டோ? ஒண்டைச் சொல்லுங்கோ!"

"கடல் பெருகினால் படகை ஏத்த மணல் வேணும். படகிலை போனவனுக்கு ஏதும் எண்டால் ஆஸ்பத்திரிக்கு றோட்டு வேணும். எதை விடச் சொல்லுறாய், தம்பி?"

"உதோடையே ஓடுங்கோ" என்று எரிச்சலோடு அனுப்பிவிட்டேன்.

மாரியில் ஒருநாள் அந்த றக் வீதியில் அலறிக்கொண்டு ஊர்ந்து வந்தது. பின்னால் ஒருவர் தலையில் இரத்தத்தோடு கிடந்தார். எதிரே வந்த நான் என் வான் வண்டியை நிறுத்தி, காயப்பட்டவரை அதில் மாற்றி ஏற்றினேன்.

"றோட்டை நீ பார், தம்பி. கரையிலை இன்னும் படகு கிடக்கு" என்று சொல்லிவிட்டு அவர் றக்கைத் திருப்பினார்.

காயப்பட்டவர் பிழைத்துவிட்டார். அன்றிலிருந்து கரையில் அவசரமென்றால் எனக்குத்தான் அழைப்பு வருகிறது. திட்டிக்கொண்டேதான் வானை எடுக்கிறேன். எனக்குச் சம்மதமா என்று அந்த றக்கார மனிதர் ஒருதடவைகூடக் கேட்டதில்லை.