பாடமாக்கினால் பாஸ்

மருந்துத் தொழிற்சாலையில் மற்றவர்கள் எழுதியதைச் சரிபார்ப்பது என் வேலை. ஒரு தொகுதி மாத்திரை எத்தனை பாகை வெப்பத்தில் காய்ந்தது, கலவையை யார் கிளறினார், எத்தனை மணிக்குக் கையெழுத்திட்டார் என்று தாள் தாளாகப் பார்ப்பேன். எங்கள் தொழிலின் வேதவாக்கு: எழுதப்படாதது நடக்கவில்லை. எழுதிய முறையிலிருந்து அரைப் பாகை விலகினாலும் அதற்குப் பெயர் 'டீவியேஷன்'. உடனே அறிக்கை எழுத வேண்டும். என்ன நடந்தது, ஏன் நடந்தது, இனி நடக்காமலிருக்க என்ன செய்யப்போகிறீர்கள் என்று மூன்று கட்டங்கள். இருபது வருடமாக இந்தக் கட்டங்களை நிரப்புகிற ஒருவன் ஐம்பத்திரண்டாவது வயதில் ஜாஸ் கிற்றார் படிக்கப் போனால், பிழை ஜாஸின் மேல் இல்லை.

போனதற்குக் காரணம் ஒரு கிற்றார்காரர். அமெரிக்கர், இறந்து பல காலம். பெயர் எழுதவில்லை. தெரிந்தவர்களுக்குத் தெரியும், தெரியாதவர்களுக்குப் பெயரால் ஒன்றும் விளங்கப்போவதில்லை. அவருக்கு முன்னர் ஜாஸ் குழுவில் கிற்றாருக்குக் கிடைத்த இடம் பந்தியில் தண்ணீர் ஊற்றுகிறவரின் இடம். இல்லாவிட்டால்தான் நினைவு வரும். பின்வரிசையில் இருந்து தாளத்துக்கு வெட்டி வெட்டிக் கொடுத்தால் போதும். இவர் கிற்றாருக்கு மின்சாரம் கொடுத்து முன்வரிசைக்கு வந்தார். சாக்ஸபோன் ஊதுகிறவரைப் போல நீள நீளமாக வாசித்தார்.

ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று எண்ணிக்கொண்டு வாசலில் காத்திருந்தால் அவர் ஒன்றில் வரமாட்டார். இரண்டுக்கும் மூன்றுக்கும் இடையில் உள்ள ஒழுங்கையால், ஒரு சின்னச் சந்தால், வருவார். ஒரு சின்னத் துண்டை மூன்று தரம் திருப்பித் திருப்பி வாசிப்பார். இவ்வளவுதான் இவருக்குத் தெரியும்போல என்று நாம் நினைக்கும்போது ஒரே மூச்சில் ஓடத் தொடங்குவார். நிற்க வேண்டிய ஸ்வரத்துக்கு அரை ஸ்வரம் தள்ளிப் போய் நிற்பார். பிழை என்று சொல்ல வாயைத் திறக்கும் முன் சரியான இடத்துக்கு வந்திருப்பார். முடிக்கும்போதும் முடிக்கிறேன் என்று சொல்வதில்லை. பேசிக்கொண்டு நின்றவர் பாதி வசனத்தில் போய்விட்டதைப் போல நிறுத்திவிடுவார். இத்தனையையும் அந்தந்த நேரத்தில் யோசித்து வாசித்தார் என்கிறார்கள். ஒழுங்கு தெரிந்த எனக்கு அந்த ஒழுங்கை மட்டும் அகப்படவில்லை. அதுதான் வகுப்பில் சேர்ந்தேன்.

வகுப்பு நகரின் மேற்கு முனையில் உள்ள சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவில், கால்வாய்க்குப் பக்கத்து மண்டபத்தில், சனிக்கிழமை காலையில். ஆசிரியை என்னைவிடப் பத்து வயது இளையவர், பிரெஞ்சுக்காரி. வகுப்பிலிருந்து ஐந்து பேரைத் தேர்ந்து ஒரு குழு அமைப்பதும், அந்தக் குழு மே மாதத்தில் கால்வாய்க் கரையில் வாசிப்பதும் வழக்கம். அதில் கிற்றாருக்கு ஒரே ஒரு இடம். கிற்றாருடன் வந்தவர்கள் என்னோடு சேர்த்து இரண்டு பேர். அந்த இடம் எனக்கு வேண்டும் என்று முதல் நாளே நாட்குறிப்பில் எழுதினேன்; கீழே கோடும் போட்டேன்.

மற்றவர் டொலார்ட்-டெஸ்-ஓர்மோவில் இருக்கும் ஓய்வுபெற்ற பொறியியலாளர். சென்னைக்காரர். கல்லூரி விடுதியில் சினிமாப் பாட்டு வாசித்துப் பழகிய கை. அவர் என்னை 'சார்' என்பார், ஆசிரியையையும் 'சார்' என்று ஒருமுறை சொல்லியிருக்கிறார். நானும் அவரை 'சார்' என்றே அழைத்தேன். கண் சத்திரசிகிச்சைக்குப் பிறகு அவர் கார் ஓட்டுவதில்லை. நான் இருப்பது இல்-பிசார் என்ற தீவில். பாலத்தைக் கடந்து வந்து அவரை ஏற்றிக்கொண்டு போவேன். ஆக, என் போட்டியாளரை ஒவ்வொரு சனிக்கிழமையும் நானே போட்டிக்கு ஏற்றி இறக்கினேன்.

ஒக்டோபரில் முதன்முறையாகத் தனித்து வாசிக்கச் சொன்னார் ஆசிரியை. முப்பத்திரண்டு 'பார்', அதாவது நான்கு எண்ணிக்கை முப்பத்திரண்டு தரம். மனத்தில் வருவதை வாசிக்க வேண்டும். எனக்கு ஒன்றும் வரவில்லை. முப்பத்திரண்டையும் மிகச் சரியாக எண்ணி முடித்தேன். சென்னைக்காரர் தன் முறையில் ஒரு காதல் பாட்டின் பல்லவியை வாசித்தார். ஆசிரியை எங்கள் இருவரையும் பார்த்தார், நெஞ்சில் கையை வைத்தார், சொன்னார்:

"ச பாஸ் பார் ல கேர்."

இந்த இடத்தில் என் பிரெஞ்சைப் பற்றிச் சொல்ல வேண்டும். பிரெஞ்சு பேசும் இந்த நகருக்கு வந்த புதிதில் குடியேறியவர்களுக்கான வகுப்பில் படித்தேன். அங்கே வாரம் தவறாமல் காதில் விழுந்த சொல் 'பார் கேர்'. வினைச்சொற்களைப் 'பார் கேர்' படித்து வாருங்கள், அதாவது பாடமாக்கி வாருங்கள். நான் பாடமாக்கினேன். வகுப்பில் முதலாவது வந்தேன். இன்றும் எந்த வினையையும் எந்தக் காலத்திலும் பிழையின்றிச் சொல்வேன். தெருமுனைக் கடையான தெப்பனரில் பால் வாங்கப் போனால் கடைக்காரர் மட்டும் எனக்கு ஆங்கிலத்தில் பதில் சொல்வார்.

திரும்பி வரும்போது காரில் சென்னைக்காரர் கேட்டார்.

"அந்தம்மா என்ன சார் சொன்னாங்க?"

"பார் கேர் எண்டா பாடமாக்கிறது, சார். பாடமாக்கினா பாஸ்."

"நெஞ்சுல கைய வச்சாங்களே."

"மனப்பாடம் எண்டா மனத்திலதானே இருக்கும்."

அவர் இருக்கையைப் பின்னால் தள்ளிக் காலை நீட்டினார். பிறகு, "நம்ம ஊரு சிஸ்டம்தான் சார் இங்கயும்" என்றார். அவர் குரலில் அவ்வளவு நிம்மதி.

எங்களுக்கு அது புதுமையும் இல்லை. இந்த நகரில் நான் பார்த்த அரங்கேற்றங்கள் ஒன்றிரண்டு அல்ல. பிள்ளை கற்பனை ஸ்வரம் பாடும் கட்டம் வரும். சொல்லுக்குப் பொருள் அந்தக் கணத்தில் கற்பனை செய்து பாடுவது. பிள்ளை கண்ணை மூடும், விரலை மடக்கும், கற்பனை செய்யும். முன்வரிசையில் தாய் உதட்டை அசைத்து அதே கற்பனையை அரைக் கணம் முன்னாலேயே பாடிக்கொண்டிருப்பார். கற்பனை முழுவதும் ஆசிரியரின் கையெழுத்தில் கொப்பியில் இருக்கிறது. பிரதம விருந்தினர் எழுந்து இந்த வயதில் இப்படியொரு கற்பனையா என்று வியப்பார். அவரும் அந்தப் பேச்சைப் பாடமாக்கிக்கொண்டுதான் வந்திருப்பார். போன மாத அரங்கேற்றத்திலும் அதையே கேட்டேன்.

குழுவுக்கான தேர்வு டிசம்பர் இரண்டாம் சனிக்கிழமை என்று அறிவித்தார்கள். அதற்குரிய பாட்டை என் கிற்றார்காரரே ஒரு விடுதியில் வாசித்த பதிவு இருக்கிறது. இணையத்தில் தேடினால் முதலில் வருவதும் அதுதான். அதை எடுத்துக்கொண்டேன். கொப்பியில் நான்கு நிரல்கள் போட்டேன்: 'பார்' இலக்கம், ஸ்வரம், தந்தி, விரல். தினமும் வேலை முடிந்து வந்து ஒரு மணித்தியாலம். அந்தப் பதிவை எடுத்தவர் ஒலிப்பதிவுக் கருவியைச் சற்றுப் பிந்தி முடுக்கியிருக்கிறார். அதனால் தொடக்கத்தில் அரை வாக்கியம் இல்லை, நடுவில் இருந்துதான் கேட்கிறது. நானும் நடுவில் இருந்தே பாடமாக்கினேன். ஓரிடத்தில் யாரோ கதிரையை இழுக்கிற சத்தம் கேட்கும், அவர் கணம் தயங்குவார். அந்தத் தயக்கத்தையும் நிரலில் பதிந்தேன்.

நான்காம் வாரம் மனைவி குசினியிலிருந்து வந்து கதவடியில் நின்றார்.

"இஞ்சாருங்கோ, அந்த மனிசன் இதை எத்தினை தரம் வாசிச்சவர்?"

"ஒருக்காத்தான்."

"பேந்து நீங்கள் ஏன் இருநூறு தரம் வாசிக்கிறியள்?"

"பாடமாக்கிறன்."

"அவர் ஆரின்ரை வாசிப்பைப் பாடமாக்கினவர்?"

கேள்வியை மட்டும் நாட்குறிப்பில் பதிந்தேன்.

எதைப் பாடமாக்குகிறேன் என்று சென்னைக்காரரிடம் நான் சொல்லவில்லை. போட்டி போட்டிதானே. அவரும் என்னிடம் கேட்கவில்லை. எல்லாவற்றையும் கேட்கிற மனிதர் இதை மட்டும் கேட்காததில் எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

தேர்வு நாளன்று வயதில் மூத்தவர் என்று அவரை முதலில் அழைத்தார்கள். பின்னால் ஆளுயர டபிள் பேஸ் வாத்தியமும் ட்ரம்ஸும். இரண்டுமே வகுப்பு மாணவர்கள் வாசித்தவை. அவர் தொடங்கிய முதல் ஸ்வரத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. அரை வாக்கியத்தில், நடுவில் இருந்து தொடங்கினார். அந்தக் கருவி தவறவிட்டதை அவரும் என்னைப் போலவே பக்தியோடு தவறவிட்டிருந்தார். ஆசிரியை பழைய அயலவரைத் தெருவில் கண்டவர்போலப் புன்னகைத்தார்.

பதினெட்டாவது 'பார்' வரை பிழையில்லை. பத்தொன்பதில் மறந்துவிட்டார்.

என் விரல்கள் மடியில் அடுத்த ஸ்வரத்துக்குப் போய்விட்டன. அவர் என்னைப் பார்த்தார், சோதனை மண்டபத்தில் பக்கத்து மேசையைப் பார்க்கிற பார்வை. நான் குனிந்து என் சப்பாத்து நாடாவைப் பார்த்தேன். இதையும் பதிந்து வைத்திருக்கிறேன். எழுதப்படாதது நடக்கவில்லை என்று பிறகு எனக்கு நானே சொல்லிவிடக் கூடாது.

கையில் மிஞ்சியிருந்த மூன்று ஸ்வரத்தை அவர் திருப்பி வாசித்தார். இன்னொரு தரம். மூன்றாம் தரம் வாசிக்கும்போது நெற்றி வியர்த்திருந்தது. பிறகு யாரும் எதிர்பாராத இடத்தில் இருந்து ஓடத் தொடங்கினார். ஏதோ பழைய சினிமாப் பாட்டின் இடையிசையும் வேறெதுவோவும் கலந்த ஓட்டம். அரை ஸ்வரம் தள்ளிப் போய் நின்றார், உடனே வழுக்கிச் சரியான இடத்துக்கு வந்தார். ட்ரம்ஸ்காரர் தலையை நிமிர்த்தினார். முப்பத்தோராவது 'பாரி'ல் அவர் தந்தியை மீட்டிய பிளாஸ்டிக் வில்லை கையிலிருந்து கீழே விழுந்தது. அதோடு வாசிப்பும் நின்றது. ஆசிரியை எழுந்து நின்று கைதட்டினார்.

அடுத்தது நான். ஒரு பிழையும் விடவில்லை. அரை வாக்கியத்தில் தொடங்கினேன், கதிரை இழுபட்ட இடத்தில் தயங்கினேன், பத்தொன்பதாவது 'பாரை'ச் சென்னைக்காரருக்குக் கேட்கும்படி சற்று அழுத்தியே வாசித்தேன். முடிந்ததும் ஆசிரியை எனக்கு ஆங்கிலத்தில், மிகவும் சரியாக இருந்தது என்றார். கடைக்காரர் ஞாபகத்துக்கு வந்தார்.

இடம் சென்னைக்காரருக்கு. எனக்கு மாற்று ஆள் என்று ஒரு பதவி. ஏப்ரலில் மறுபடியும் கேட்பதாகவும், அன்றைய வாசிப்பைப் பொறுத்து முடிவு மாறலாம் என்றும் ஆசிரியை சொன்னார். சென்னைக்காரர் மனைவிக்குச் செய்தி சொல்லக் கைபேசியுடன் வெளியே போனார்.

அவர் போனதும், இருவரும் எப்படி ஒரே பதிவைப் பாடமாக்கினீர்கள் என்று ஆசிரியை கேட்டார். நீங்கள்தானே சொன்னீர்கள் என்றேன். அவருக்கு விளங்கவில்லை. ஒக்டோபர் மாதக் குறிப்பை எடுத்து வாசித்துக் காட்டினேன். அவர் பலகைக்குப் போய் இரண்டு வரி எழுதினார். ஒன்று 'பார் கேர்', பாடமாக்கியது. மற்றது 'பார் ல கேர்', நெஞ்சின் வழியாக. 'பாஸ்' என்று அவர் சொன்னது சித்தியடைவதை அல்ல, கடந்து போவதை. இசை நெஞ்சின் வழியாகப் போக வேண்டும் என்றிருக்கிறார். வித்தியாசம் ஒரே ஒரு 'ல'. அரைப் பாகை விலகினால் அறிக்கை எழுதுகிறவன், முழுதாக ஓர் எழுத்தைக் காதிலேயே தவறவிட்டிருக்கிறேன். ஆசிரியை மரியாதை தெரிந்தவர், சிரிக்கவில்லை. ட்ரம்ஸ்காரர் சிரித்தார்.

அன்று வீட்டில் முறைப்படி அறிக்கை எழுதினேன். என்ன நடந்தது: ஒரு 'ல' விடுபட்டது. ஏன் நடந்தது: வகுப்பில் முதலாவது வந்ததால். மூன்றாவது கட்டம் வெறுமையாகக் கிடந்தது. மனைவி எட்டிப் பார்த்துவிட்டு, "அதையும் ஆரையேன் பாத்து எழுதுங்கோவன்" என்றார்.

ஜனவரியில் வகுப்பு மீண்டும் தொடங்கியது. சென்னைக்காரரை ஏற்றினேன். பின்னிருக்கையில் இரண்டு கிற்றார்களும் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன. நெடுஞ்சாலைக்கு ஏறியதும் அவர் என் பக்கம் திரும்பினார்.

"சார், ஒரு ஹெல்ப். அன்னைக்கு நடுவுல நான் என்ன வாசிச்சேன்னு எனக்கே ஞாபகம் இல்ல. அதே மாதிரி வாசிங்கன்னு அந்தம்மா சொல்லிட்டாங்க. உங்க போன்ல ரெக்கார்ட் இருக்குமே?"

இருந்தது. நான் எதைத்தான் பதியாமல் விட்டேன்?

"நீங்க எழுதிக் குடுத்தா, அப்படியே மனப்பாடம் பண்ணிடுவேன். ஏப்ரலுக்கு இன்னும் மூணு மாசம் இருக்கே."

அந்த வாரம் உட்கார்ந்து எழுதினேன். நான்கு நிரல், ஏழு தாள். மூன்று தரம் திரும்பிய மூன்று ஸ்வரம், அரை ஸ்வரம் தள்ளி நின்ற இடம், எல்லாம் இலக்கத்தோடு. வில்லை விழுந்த இடத்தில் 'வில்லை விழுகிறது' என்றும் எழுதினேன். எழுத எழுத ஒன்று தெரிந்தது: அது நன்றாக இருந்தது. இரண்டுக்கும் மூன்றுக்கும் இடையில் உள்ள அந்த ஒழுங்கையால் இந்த மனிதர், மறதியில் தடுமாறி, ஒரே ஒருமுறை போய் வந்திருக்கிறார். வழி கேட்டால் சொல்லத் தெரியாது.

அடுத்த சனிக்கிழமை தாள்களைக் கொடுத்தேன். கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மாட்டிப் பார்த்தார்.

"இதெல்லாம் நானா வாசிச்சேன்?"

"நீங்கள்தான், சார்."

சென்ட்-ஆன் வரும்வரை விரலால் தொடையில் தட்டிப் பாடமாக்கிக்கொண்டே வந்தார். மண்டபத்துக்கு முன்னால் காரை நிறுத்தியதும் தாள்களை ஒழுங்காக மடித்துச் சட்டைப்பைக்குள், நெஞ்சுக்கு நேரே, வைத்தார். இறங்கும்போது கதவைப் பிடித்துக்கொண்டு குனிந்தார்.

"மனப்பாடம் பண்ணினா பாஸ்தானே, சார்?"

ஏப்ரலில் மறுபடி கேட்பார்கள். மாற்று ஆள் நான். 'ல' எங்கே வரும் என்பது இப்போது எனக்குத் தெரியும்; அவருக்கு யாரும் சொல்லவில்லை.

"ஓம், சார்" என்றேன்.