பவுண்டேஷன் ரப்பர்

திருவையாற்று வீட்டு வாசலில் எங்கள் பழைய காரை ஸ்டார்ட் செய்தால் கண்ணாடி முதல் கதவு வரை உதறும். என்ஜினைத் தாங்கும் ரப்பர் இரண்டும் செத்துவிட்டிருந்தன. மெக்கானிக்குகள் அதைப் பவுண்டேஷன் என்பார்கள். அம்மாவிடம் சொன்னேன். "வீட்டுக்குத்தானேடா அஸ்திவாரம், வண்டிக்குமா?" என்று சிரித்தாள். அப்புறம் அவள் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை.

குத்தாலத்தில் மாமா படுத்த படுக்கையாகிவிட்டார் என்று கடிதம் வந்திருந்தது. அம்மாவுக்கு ஒரே தம்பி. பன்னிரண்டு வருஷமாகப் பேச்சுவார்த்தை கிடையாது. ஆட்சி மாறி, குத்தகைக்காரர்களை வெளியேற்றக் கூடாது என்று சட்டம் வந்திருந்த சமயம், எங்கள் வயலை உழுதவர் சாகுபடிப் பதிவு கேட்டு மனுப் போட்டார். அவன் வெறும் கூலியாள் என்று சாதித்தார் அப்பா. மாமா தாசில்தார் முன்னால் போய், "இல்லைங்க, இருபது வருஷமா அவருதான் சாகுபடி பண்றாரு" என்று சாட்சி சொல்லிவிட்டார். உண்மைதான். உண்மையாக இருந்ததுதான் எங்களுக்குப் பொறுக்கவில்லை. இனி இந்த வாசப்படி மிதிக்காதே என்று அப்பா கத்தினார். அப்பா போன பிறகும் அந்த வீம்பை நான் கட்டிக்கொண்டு அழுதேன்.

"என்னை அவன்கிட்ட கொண்டுபோய் விடுடா" என்றாள் அம்மா. தேய்ந்த முதுகெலும்போடு பஸ்ஸில் உட்கார முடியாது. "இந்த உதறல்ல உன் முதுகு என்னத்துக்கு ஆகும்? ரப்பரை மாத்திட்டுப் போவோம்" என்றேன். தஞ்சாவூரில் மெக்கானிக்கிடம் விட்டிருந்தால் அரை நாள் வேலை. வாடகைக் காராவது பிடித்திருக்கலாம். நானே மாற்றுகிறேன் என்று இறங்கினேன். எல்லாம் அம்மாவின் முதுகுக்காக என்று என்னையே நம்பவைத்துக்கொண்டேன். பொய். எனக்குப் போக மனசில்லை.

ரப்பர் வாங்க ஒரு நாள். பலகை வைத்து ஜாக்கியால் என்ஜினைத் தூக்கி, துருப்பிடித்த நட்டுகளோடு மல்லுக்கட்ட ஒரு நாள். மூன்றாம் நாள் வலப்பக்க போல்ட்டை முழுசாக முறுக்கித் தொலைத்தேன். இடப்பக்கத் துளை விரலகலம் விலகி நின்றது. இரண்டு பக்கமும் தளர்வாக மாட்டி, என்ஜினை இறக்கி உட்காரவிட்ட பிறகுதான் முறுக்க வேண்டும். இது எனக்குத் தெரியாததில்லை. நாளைக்குப் பார்க்கலாம் என்று எழுந்தேன். அம்மா படியில் ஒரு துணி முடிச்சோடு உட்கார்ந்திருந்தாள். மாமா சாட்சி சொன்ன அந்த வயலில் விளைந்த அரிசி. தம்பிக்குக் கஞ்சி வைக்க.

"முடிஞ்சுதாடா?"

"நாளைக்கும்மா."

மறுநாள் காலை கடைசி நட்டை முறுக்கிக்கொண்டிருந்தபோது தந்தி வந்தது.

கும்பகோணம் தாண்டினோம். "வண்டி கொஞ்சங்கூட ஆடலைடா" என்றாள் அம்மா. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

குத்தாலத்தில் வாய்க்கரிசி போடக் கூப்பிட்டார்கள். அங்கே வைத்திருந்த அரிசியை அம்மா தொடவில்லை. மடியிலிருந்த முடிச்சை அவிழ்த்தாள். "கஞ்சி வைக்கத்தாண்டா கொண்டாந்தேன்" என்று தம்பியிடம் சொல்லிக்கொண்டே போட்டாள். பிறகு முடிச்சை என் பக்கம் நீட்டினாள். என் நகக்கண்ணெல்லாம் கிரீஸ். கையை நீட்ட முடியவில்லை.