மாத்திரைச் சூடு

கல்லீரலில் ஹெபடைடிஸ் சி கிருமி இருக்கிறதென்று நான் மாத்திரை விழுங்கிக்கொண்டிருந்த நாட்களில், முன்கையில் வெளிறிய தேமல் ஒன்று கிளம்பியது. "எல்லாம் மாத்திரைச் சூடு" என்று என் மனைவி தீர்ப்புச் சொல்லிவிட்டாள். காரைக்குடி வெயிலையும் மாத்திரையையும் சேர்த்துத் திட்டிக்கொண்டே, தினமும் அந்த இடத்தில் சந்தனம் அரைத்துத் தடவினாள். அவளிடம் வாதாடுவதைவிடக் கையை நீட்டுவது சுலபம்.

ஒருநாள் தடவும்போது அவள் நகம் அழுந்திப் பள்ளமே விழுந்துவிட்டது. நான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன்.

"என்ன, வலிக்கலையா?" என்றாள்.

"எது?" என்றேன்.

மறுநாள் தனியாகத் தோல் டாக்டரிடம் போனேன். கண்ணை மூடச் சொல்லிப் பேனா நுனியால் தொட்டுத் தொட்டுக் கேட்டார். தேமலுக்கு வெளியே தெரிந்தது, உள்ளே தெரியவில்லை. தொழுநோய் என்றார். வெகுநாளாக உடம்பில் பதுங்கியிருந்தது கல்லீரல் சிகிச்சையின்போது வெளிப்பட்டிருக்கலாமாம். இரண்டுக்கும் உரிய மருந்துகள் ஒத்துப்போகாது, கல்லீரல் மாத்திரை முடியக் கொஞ்ச நாள்தான் இருக்கிறது, அது முடிந்ததும் இதைத் தொடங்கலாம், முழுதாகக் குணமாகும் என்றார். அவர் சொன்னபடியே பிற்பாடு கல்லீரலும் தேறியது, தேமலும் அடங்கியது.

ஆனால் அன்று என் காதில் விழுந்தது ஒன்றுதான். இந்த வகை எளிதில் ஒட்டாது, ஆனாலும் வீட்டிலிருப்பவர்களையும் பார்த்துவிடுவோம் என்றார். தினமும் விரலால் தடவியவள் ஆயிற்றே! எனக்கு வந்தது வந்ததாக இருக்கட்டும், அவளுக்கு மட்டும் வேண்டாம் என்று பிள்ளையார்பட்டிப் பிள்ளையாரிடம் நான் பேரம் பேசாத நேரமில்லை.

வீட்டில் விஷயத்தைச் சொல்லிவிட்டுத் தட்டையும் பாயையும் தனியாக எடுத்துக்கொண்டேன். வாய் ஓயாதவள் பேசாமலிருந்தது எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

அடுத்த வாரம் அவளைப் பரிசோதித்தார்கள். நான் வெளியே நிலைகொள்ளாமல் நின்றேன். கதவு திறந்தது. "இவங்களுக்கு ஒண்ணுமில்ல" என்றார் டாக்டர். அப்பாடா என்று அங்கேயே பெஞ்சில் சரிந்துவிட்டேன்.

திரும்பும் பஸ்ஸில் பழக்கதோஷத்தில் சற்றுத் தள்ளியே உட்கார்ந்தேன்.

"அம்புட்டுத் தள்ளி என்னத்துக்கு உக்காந்திருக்கீக? இங்குட்டு வாங்க" என்றாள். பிறகு ஜன்னலைப் பார்த்துக்கொண்டே, "எனக்கும் வந்திருந்தா தேவலன்னு இருந்துச்சு. தனிப் பாயாச்சும் இல்லாம இருந்திருக்கும்" என்றாள்.

அவள் என் கையைப் பிடித்து மடியில் வைத்துக்கொண்டாள். தேமலின் மேல்தான் பிடித்திருந்தாள் என்பதைக் குனிந்து பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.