ரீல் ஓடுகிற சத்தம்

போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தூத்துக்குடியிலிருந்து மகன் வந்தான். செருப்பைக் கழற்றிவிட்டு நேரே குளியலறைக்குப் போய் எதையோ வைத்துவிட்டு வந்து, "பசிக்குதும்மா" என்றான். அவனுக்குப் பின்னாலேயே ஒரு வாடை அடுப்படி வரை வந்தது. மீன் வாடை என்று சொன்னால் சரியாகாது. மீனும் துருவும் காயாத துணியும் கலந்த வாடை. அதை முகர்ந்து இருபது வருஷத்துக்கு மேல் இருக்கும். தோசைக்கரண்டி என் கையில் அப்படியே நின்றுவிட்டது.

"உள்ள என்னலே வச்ச?"

"மீன் பிடிக்கிற ரீலும்மா. கூடப் படிக்கிறவன் குடுத்தான். கல்லு மேல நின்னோம், ஒரு அலை வந்துச்சு, முங்கிட்டு. கழுவி வச்சாச் சரியாப் போகும்."

முங்கியது ரீல் மட்டும்தானா என்று அவன் சொல்லவில்லை. வலது முழங்கையில் சிராய்ப்பு இருந்தது. நான் கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடும்.

நான் எப்படிப்பட்டவள் என்று சொல்லிவிட வேண்டும். அவன் பஸ் ஏறினால் எட்டயபுரம் தாண்டிவிட்டாயா என்று ஒரு போன், இறங்கினாயா என்று இன்னொன்று. அவனுடைய கூட்டாளிகள் எனக்குக் 'கண்ட்ரோல் ரூம்' என்று பெயர் வைத்திருக்கிறார்களாம். வைக்கட்டும். ஆனால் அன்றைக்கு அந்தக் குளியலறைக்குப் போகக் கால் வரவில்லை.

போய்ப் பார்த்தால், வாளிக்குள் ரீல் கிடக்கிறது. அதன் மேல் போர் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டிருக்கிறான்.

எனக்கு ஒரு அண்ணன் இருந்தான். தொண்ணூறுகளின் கடைசியில் ஷார்ஜாவில் எலக்ட்ரீஷியன் வேலை பார்த்துவிட்டு, அடுத்த விசா வருகிறவரை என்று கோவில்பட்டிக்கு வந்திருந்தான். அங்கிருந்து வருகிறவர்கள் டேப்ரெக்கார்டரும் சென்ட் பாட்டிலும் கொண்டுவருவார்கள். இவன் கொண்டுவந்தது ஒரு ரீலும் அதை மாட்டுகிற கம்பும். வெள்ளிக்கிழமை லீவில் கடற்கரைச் சுவரில் நின்று மீன் பிடித்துப் பழகியிருக்கிறான். எங்கள் கரிசலில் கண்மாய் நிறைந்தால் அதைப் பார்க்க வண்டி கட்டிக்கொண்டு போவார்கள். அப்படிப்பட்ட ஊருக்கு ஒரு மீன் ரீல்.

"ஆடு மேய்ச்ச குடும்பம் இது. இதுல மீன் புடிக்கன்னு ஒருத்தன் வந்து பொறந்திருக்கான்" என்று அம்மா யாரிடமோ சொல்வதுபோல் சுவரைப் பார்த்துச் சொல்வாள்.

"ஆடு கொம்பால முட்டும்மா, மீனு முட்டாது" என்பான் அண்ணன்.

ரீலின் முன்பக்கம் ஒரு திருகு உண்டு. அண்ணன் அதைப் பிரேக் என்பான். பெரிய மீன் மாட்டி இழுத்தால் ரீலில் சுற்றியிருக்கிற தூண்டில் நரம்பைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒன்று நரம்பு அறும், அல்லது மீன் ஆளை இழுக்கும். அப்படி விட்டுக்கொடுக்கிறபோது அது தவளை கத்துவதுபோல் கிர்ர்ர் என்று ஓடும். அந்தச் சத்தத்தைக் கேட்பதற்காகவே நரம்பு நுனியை என் கையில் கொடுத்து, "ஏட்டி, நீதான் மீனு. ஓடு" என்பான். எனக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்த நேரம் அது. தீப்பெட்டி ஆபீசில் கணக்கு எழுதுகிற பெண், தெருவில் நரம்பைப் பிடித்துக்கொண்டு ஓடுவேன். வீட்டுக்குள்ளிருந்து அம்மாவின் குரல் வரும்.

"அந்தத் தவளைய நிறுத்துதியளா ரெண்டு பேரும்."

எங்கள் ஊரில் தீப்பெட்டித் தொழிற்சாலையை ஆபீஸ் என்றுதான் சொல்வது. வெளியூர்க்காரர்கள் என்னைப் பெரிய உத்தியோகம் என்று நினைத்துக்கொள்வார்கள். நானும் திருத்துவதில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் அண்ணனும் அவன் கூட்டாளி மாரியும் பஸ் பிடித்துக் கடலுக்குப் போவார்கள். மாரி ஆட்டோ ஓட்டுகிறவர். மதியச் சாப்பாட்டுக்கு இரண்டு பாக்கெட் கடலைமிட்டாய். ஒருநாள் கடலுக்குள் கொட்டியிருந்த கருங்கற்களுக்கு நடுவில் ரீல் விழுந்துவிட்டது. எடுத்து வந்தபோது உள்ளே மணல் கரகரத்தது.

அதைப் பிரித்து மேய்ந்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. பழைய செய்தித்தாளை விரித்து உட்கார்ந்தோம். குச்சி அடுக்குகிற அடிப்பெட்டிகளில் கழிவானதை ஆபீசிலிருந்து நான் அள்ளி வந்திருந்தேன். கழற்றக் கழற்ற ஆணிக்கு ஒரு பெட்டி, ஸ்பிரிங்குக்கு ஒரு பெட்டி. பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் மண்ணெண்ணெய் தொட்டுத் தேய்த்தான். தையல் மிஷின் எண்ணெய் பக்கத்தில் இருந்தது. நான் பலமாக ஒரு தும்மல் போட்டேன். ஒரு ஸ்பிரிங் காணாமல் போய், கடைசியில் என் தாவணி மடிப்பிலேயே கிடைத்தது.

"எல்லாத்தையும் நல்ல தண்ணியில அலசணும். உப்பு நின்னுதுன்னா அரிச்சிரும்" என்றான் அண்ணன். குடத்தை எடுக்க எழுந்தான்.

அம்மா குடத்தின் வாயைக் கையால் மூடினாள். "இரும்பக் கழுவவா நல்ல தண்ணி? குழாயில தண்ணி வந்து எத்தன நாளாச்சு, அடுத்து என்னைக்கு வருமோ. போருல அடிச்சுக் கழுவு."

அதில் தப்பு சொல்ல ஒன்றுமில்லை. எங்கள் தெருவில் எந்த வீட்டிலும் எந்தத் தாயும் அதைத்தான் சொல்லியிருப்பாள். நல்ல தண்ணீர் குடிக்கவும் உலை வைக்கவும் மட்டும். மற்ற எல்லாவற்றுக்கும் போர் தண்ணீர். கரிசல் மண்ணுக்கு அடியிலிருந்து வருகிற அந்தத் தண்ணீர் வாயில் வைக்க முடியாது. சோப்பு நுரைக்காது.

அண்ணன் போரில் அடித்துக் கழுவினான். மாடியில் காயவைத்தான். மறுநாள் காலையில் பார்த்தால் ஒவ்வொரு சாமான் மேலும் மெல்லிசாக வெள்ளைப் பொடி. "கடல் உப்பு லேசுல போகாதுட்டி" என்று மறுபடியும் போரில் அலசினான். மறுபடியும் வெள்ளை பூத்தது. அதற்கு மறுநாளும் அலசினான். அலச அலச உப்பு போகும் என்றுதான் அவனும் நினைத்தான், நானும் நினைத்தேன்.

ரீலைப் பூட்டியாயிற்று. என்னிடம் நுனியைக் கொடுத்தான். இழுத்தேன். சத்தம் வரவில்லை. விரல்தான் அறுத்தது.

"தவளைக்குத் தொண்ட கட்டிட்டு" என்று சிரித்தான். "ரெண்டு மீனு இழுத்தாத் தானா எளகிரும்."

அந்த ஞாயிற்றுக்கிழமை கிளம்பும்போது, "பொழுதடைய வந்திருதேன்" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனான். பொழுதடைய மாரி மட்டும் வந்தார். கையில் மஞ்சள் பை. உள்ளே ரீல். சட்டை முழுக்க ஈரம் காய்ந்து உப்புக் கோடு போட்டிருந்தது. அம்மாவைப் பார்க்காமல் என்னைப் பார்த்துத்தான் பேசினார்.

"நரம்பு ஓடவே இல்ல தங்கச்சி. கம்பு வில்லா வளைஞ்சு போச்சு. திருகித் திருகிப் பாக்கான், அசையல. விட்டுருலன்னேன். ஷார்ஜாவுல வாங்குனதுலே, விடுவனான்னு சிரிக்கான். சிரிச்சிட்டே ஒரு கல்லு முன்ன எடுத்து வச்சான். பாசி."

அண்ணனுக்கு நீச்சல் தெரியும். கிணற்று நீச்சல். கிணற்றில் எந்தப் பக்கம் நீந்தினாலும் ஒரு சுவர் வந்துவிடும்.

காரியம் எல்லாம் முடிந்த பிறகு ஒருநாள், குளிக்க வெந்நீர் போடுகிற அண்டாவைக் கவிழ்த்துத் தேய்க்க உட்கார்ந்தேன். போர் தண்ணீர் கொதித்துக் கொதித்து உள்ளே வெள்ளையாகப் பொருக்குக் கட்டியிருந்தது. நகத்தால் சுரண்டினேன். விரலில் ஒட்டியது மாடியில் பார்த்த அதே பொடி. நாங்கள் உப்பை உப்பால் கழுவியிருக்கிறோம். அதுதான் காரணம் என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். பாசி இருந்தது, அலை இருந்தது, அவனுடைய பிடிவாதமும் இருந்தது. ஆனால் நரம்பு ஓடவில்லை.

அம்மாவிடம் இதை நான் சொல்லவில்லை. சொல்லியிருக்கவும் முடியாது. அதற்குப் பிறகு குழாயில் தண்ணீர் வருகிற ஒவ்வொரு முறையும் அம்மா ஒரு குடம் நல்ல தண்ணீரைத் தனியாகப் பிடித்து, தட்டு போட்டு மூடி, மூலையில் வைத்தாள். யாரும் தொடக் கூடாது. எதற்கு என்று ஒருமுறை கேட்டேன்.

"உப்புத் தண்ணியக் குடிச்சிட்டுல்லா போனான். தவிக்கும் அவனுக்கு" என்றாள்.

அம்மா இருந்தவரை அந்தக் குடம் இருந்தது.

மகன் திறந்துவிட்டிருந்த குழாயை நான் எப்படி நிறுத்தினேன் என்று தெரியவில்லை. கத்தினேன் என்கிறான் மகன். வாளித் தண்ணீரைக் கொட்டினேன். குடிக்கிற தண்ணீர்க் கேனைத் தூக்கி வந்து ரீலின் மேல் கவிழ்த்தேன்.

"ஏம்மா, குடிக்கிற தண்ணிய இப்படி ஊத்துத?"

மாமா கடலில் போய்விட்டார் என்பது மட்டும்தான் அவனுக்குத் தெரியும். மீதியை அன்றைக்குச் சொன்னேன். குளியலறைத் தரையில் உட்கார்ந்து கேட்டான். பிறகு முழங்கையைத் தடவிக்கொண்டே, "நானும்தான் விழுந்தேம்மா. பசங்க புடிச்சுத் தூக்கிட்டானுங்க" என்றான். அவனைத் திட்டலாம் என்று பார்த்தேன். திருப்புளியை எடுத்துவரச் சொன்னேன்.

இருவருமாகப் பிரித்தோம். ஆணிகளைப் போட்டுவைக்க அடிப்பெட்டி இல்லை. நான் வேலை பார்த்த தீப்பெட்டி ஆபீஸ் இப்போது கல்யாண மண்டபம். ஃப்ரிட்ஜிலிருந்த ஐஸ் தட்டைக் கொண்டுவந்தான். ஒவ்வொரு சாமானையும் கேன் தண்ணீரில் அலசி, துடைத்து, காயவைத்து, எண்ணெய் விட்டுப் பூட்ட மறுநாள் மதியம் ஆனது. அந்த வாடை போய்விட்டது.

நரம்பு நுனியை வாங்கிக்கொண்டு நான் நடந்தேன். கிர்ர்ர் என்று ஓடியது. கூடத்தைத் தாண்டினேன். வாசலைத் தாண்டினேன்.

"போதும்மா, ஓடுதுல்லா" என்று உள்ளேயிருந்து சொன்னான்.

நான் இழுத்துக்கொண்டே தெருவுக்குப் போய்விட்டேன். தவளையை நிறுத்தச் சொல்லி அடுப்படியிலிருந்து அதட்ட இப்போது ஆள் இல்லை. அங்கே நின்று அதட்டியிருக்க வேண்டியவள் நான்தான். நரம்பு விரலை அறுக்கிறதா என்று பார்த்துக்கொண்டு, நான் இன்னும் கொஞ்சம் இழுத்தேன்.