மூன்றாவது ரப்பர் துண்டு

அன்று கண்மாய்க் கரையில் இருந்தது நான், டிக்கெட் கிழிக்கும் என் மச்சினன், கோரிப்பாளையத்திலிருந்து வந்த மெக்கானிக் பாய், மூன்று பேர்தான். பரவை ஊருக்கு அந்தப் பக்கம் உள்ள அந்தக் கண்மாயில் நான் குத்தகைக்கு ஓட்டும் படகின் இன்ஜின் கொதித்து நின்றுவிட்டது. மறுநாள் காலையில் நாற்பது பள்ளிப் பிள்ளைகள் வருகிறார்கள்.

பாய் ஒல்லி. மூக்குக்கண்ணாடியின் ஒரு காலுக்குப் பதில் நூல் கட்டியிருந்தார். கழற்றியதையெல்லாம் துண்டில் பரப்பி, விரலால் தொட்டு எண்ணுவார். கண்மாய்த் தண்ணீரை இழுத்து இன்ஜினைக் குளிரவைக்கும் ரப்பர் சக்கரத்தையும் எண்ணினார்.

“ஆறு இறக்கையில மூணு இல்லண்ணே. உடைஞ்சது உள்ளதான் கெடக்கு.”

“புதுசு மாட்டுங்க பாய், போதும்.”

“அது குழாய அடைச்சா மறுபடி கொதிக்கும்ணே.”

இரண்டு துண்டு கிடைத்தது. மூன்றாவதுக்காகக் குழாய் குழாயாகக் கழற்றினார்.

“மாமா, இன்ஜின விட கூலிதான் சூடாகுது!” என்றான் மச்சினன். கூலியை ஏற்றத்தான் இழுக்கிறாரோ என்று எனக்கும் அதே சந்தேகம்தான்.

சாயங்காலம் மூன்றாவதும் கிடைத்தது. மாட்டி ஓட்டியதும் இன்ஜினைக் குளிரவைத்த தண்ணீர், அடைப்பில்லாமல், புகையோடு தாராளமாக வெளியே கொட்டியது. ஆயிரத்து இருநூறு கேட்டார். “நாளைக்கு ஓடட்டும், மீதிய வாங்கிக்கங்க” என்று எழுநூறுதான் கொடுத்தேன்.

“சரிண்ணே, வாரேன்” என்று போய்விட்டார்.

மூன்று மாதமாகிறது. இன்ஜின் கொதிக்கவில்லை. அவர் வரவுமில்லை, போன் பண்ணவுமில்லை. ஒரு மனிதர் கேட்காமலே இருப்பாரா, மனதில் என்னதான் வைத்திருக்கிறார்? நானாகப் போய் நிற்கவும் கூச்சமாக இருக்கிறது. பாக்கி ஐந்நூறு ரூபாய்.