கடற்காற்று திரும்பிய சனிக்கிழமை

1953-ம் வருடம் ஜூன் 13, சனிக்கிழமை. ஐந்து மணிக்கு எழுந்தேன். அந்தோணியார் திருநாள் பூசை கண்டேன். துறைமுக ஆபீசில் அரை நாள் வேலை. பிற்பகலில் ராயபுரம் கோயில் வாலிபர் சங்கத்தின் புதுத் தொண்டர்களுக்குப் பாடம். ஆறு பேரைத் தயார் செய்யும் பொறுப்பு என்னுடையது. ஒவ்வொருவரிடமும் கோயிலைவிட்டு விலகிய ஒரு வாலிபனை ஒப்படைத்திருந்தோம்.

நான் கற்பித்த முதல் விதி: "புத்தி சொல்லாதீர்கள். அவன் போகிற இடத்துக்கெல்லாம் கூடப் போங்கள்."

அன்று அருளப்பன் வரவில்லை. வண்ணாரப்பேட்டையில் பாத்திரக்கடை வைத்திருக்கும் திருநெல்வேலிக் குடும்பத்துப் பையன், புதிதாகக் கலியாணமானவன். அவனிடம் ஒப்படைத்த சவரி, கட்டுமரக்காரன். கோயில் பக்கமே வராதவன். விசாரித்தேன். என் விதியை அப்படியே பிடித்துக்கொண்டு, விடியற்காலையில் சவரியோடு கட்டுமரத்தில் ஏறியிருக்கிறான். அருளப்பனுக்கு நீச்சல் தெரியாது.

கரைக்கு ஓடினோம். மேற்குக் காற்று மணலை வாரிக் கடலில் இறைத்தது. வழக்கமாகப் பகலில் கடற்காற்று திரும்பும். மரங்கள் பாய் விரித்து வந்துவிடும். அன்று திரும்பவில்லை.

"காத்து மார்லன்னா மரம் உள்ளாறதான் போய்க்கினே இருக்கும் சாரு," என்றாள் சவரியின் தாய். அருளப்பனின் மனைவியும் கரைக்கு வந்திருந்தாள். அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் திராணியில்லை.

மணலில் முழந்தாளிட்டுச் செபமாலை தொடங்கினோம். இடையிடையே நான் சொன்னது இவ்வளவுதான்: "ஆண்டவரே, நான் அனுப்பிய பிள்ளை. நீர் கொண்டுவாரும்."

செபமாலை முடியுமுன் என் முகத்தில் ஈரம் பட்டது. காற்று கடலிலிருந்து வந்தது.

இருட்டுமுன் பாய் தெரிந்தது. அருளப்பனை மரத்தோடு கயிற்றால் கட்டியிருந்தான் சவரி.

"இன்னா சாரு, இவர எதுக்கு அனுப்ச்ச? நாளெல்லாம் வாந்தி. நடுவுல என் பேரச் சொல்லிச் சொல்லி வேண்டிக்கினு கீறாரு. நீச்ச தெரியாதுன்னு சொல்லவே இல்ல நைனா!"

"சொல்லியிருந்தா நீ ஏத்தியிருக்க மாட்டியேல," என்றான் அருளப்பன்.

சவரி சிரித்தான். பிறகு அழுதான்.

பிரியமான சகோதரரே, பிள்ளைகளைக் காப்பது நான் என்ற நினைப்பு அன்றோடு போயிற்று. உங்களிடம் விடப்பட்டவர்களை நீங்களும் ஆண்டவர் கையில் விடுங்கள். நிம்மதியாகத் தூங்குவீர்கள். அன்றிரவு நான் தூங்கினேன்.

மறுநாள் காலை முதல் காரியமாக, ஆறு தொண்டர்களையும் நீச்சல் கற்கக் கடலுக்குக் கூட்டிப்போனேன். சவரி இடுப்பளவு தண்ணீரில் நின்றான்.

"மொதல்ல சாரு எறங்கட்டும்," என்றான்.

இறங்கினேன். பூசை மணி அடித்ததும், ஈர வேட்டியைப் பிழிந்துகொண்டு சவரிதான் எங்களுக்கு முன்னால் கோயிலுக்கு நடந்தான்.